கோடிக்கணக்கில் சின்னக் கோப்புகள்: எந்தக் கோப்பு முறைமை தாங்கும்?

40 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பை ஒரு எஸ்எஸ்டியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கச் சில நிமிடம் போதும். அதே 40 ஜிபியை 4 கேபி வீதம் 1 கோடிக் கோப்புகளாக வைத்துக்கொண்டு நகலெடுத்துப் பாருங்கள். டிஸ்க் அதேதான், பைட்டுகளும் அதே அளவுதான், ஆனால் வேலை இழுத்துக்கொண்டே போகும்.

காரணம் இதுதான். ஒரு கோப்பைத் திறக்க முதலில் ஃபோல்டரில் அதன் பெயரைத் தேட வேண்டும். பெயர் கிடைத்ததும் அது சுட்டும் ஐநோடைப் படிக்க வேண்டும். கோப்பின் அளவு, உரிமைகள், நேரம், உள்ளடக்கம் இருக்கும் இடம் எல்லாம் அந்த ஐநோடில்தான் இருக்கின்றன. அதற்கப்புறம்தான் உள்ளடக்கம். புதிதாக ஒரு கோப்பை உருவாக்கும்போது வேலை இன்னும் கூடுதல்: ஐநோடு ஒதுக்கணும், ஃபோல்டரில் பெயர் சேர்க்கணும், காலி இடக் கணக்கைத் திருத்தணும், இத்தனையையும் ஜர்னலில் (பாதியில் மின்சாரம் போனாலும் கணக்குக் குழம்பாமலிருக்க எழுதும் குறிப்பேடு) பதியணும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அப்படியே. பெரிய கோப்பில் இந்தக் கூலி கண்ணுக்கே தெரியாது. சின்னக் கோப்பில் கூலிதான் செலவு முழுவதும். ஆகவே ஒரு கோப்பு முறைமை, அதாவது டிஸ்கில் கோப்புகளை அடுக்கிக் கணக்கு வைக்கும் ஏற்பாடு, நொடிக்கு எத்தனை எம்பி தருகிறது என்ற கணக்கு இங்கே உதவாது. பெயர், ஐநோடு, காலி இடம் என்ற இந்த மெட்டாடேட்டா வேலையை அது எப்படிச் செய்கிறது என்பதை வைத்துத்தான் நான் தேர்வு செய்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஏறக்குறைய 100 இடங்களுக்குத்தான் தாவிப் படிக்கும். 10 லட்சம் கோப்புகளுக்குக் கோப்புக்கு ஒரு தாவல் என்றாலே 10,000 நொடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரம். எந்தக் கோப்பு முறைமையைப் போட்டாலும் இந்தக் கணக்கைச் சில மடங்குக்கு மேல் குறைக்க முடியாது. சாதாரண என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று இதே தாவல்களை நொடிக்குப் பல்லாயிரம் செய்யும். கோப்புகள் இன்னும் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், கோப்பு முறைமையைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

அடுத்து, உங்களை எந்த வேலை வாட்டுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கோப்புகளை உருவாக்குவதா, படிப்பதா, மொத்தமாக அழிப்பதா, ஒவ்வொரு இரவும் பேக்கப் எடுப்பதா? "சின்னக் கோப்புகளுக்கு எது வேகம்?" என்று பொதுவாகக் கேட்டால் நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள், நாலும் சரியாகவே இருக்கும். ஒவ்வொருவரும் ஒரு வேலையை மனதில் வைத்துக்கொண்டு பேசுவதுதான் காரணம்.

எக்ஸ்ட்4

2008 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6.28இல் நிலையானது என்று அறிவிக்கப்பட்டது. ஒரே இயந்திரம், எஸ்எஸ்டி, சில லட்சம் முதல் சில கோடி வரை கோப்புகள் என்றால் நான் முதலில் கை வைப்பது இதில்தான். உருவாக்குதல், படித்தல், அழித்தல் மூன்றிலும் சோடை போகாது. பழுது பார்க்கும் கருவிகள் பல வருடம் அடிபட்டுத் தேறியவை.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, அதில் நானே விழுந்திருக்கிறேன். எக்ஸ்ட்4இல் ஐநோடுகளின் எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும். பிறகு அதை மட்டும் தனியாகக் கூட்ட வழியில்லை. வழக்கமான அமைப்பில் 16,384 பைட்டுக்கு ஒரு ஐநோடு. 1 டிபி டிஸ்குக்கு 6 கோடிக்கு மேல் கிடைக்கும், பெரும்பாலும் போதும். எங்களுக்கு ஒரு முறை வாடகைக்குக் கிடைத்த சர்வரில் 4 டிபி டிஸ்கை "பெரிய கோப்புகளுக்கு" என்ற அமைப்பில் ஃபார்மட் செய்து கொடுத்திருந்தார்கள். அந்த அமைப்பில் 4 எம்பிக்கு ஒரு ஐநோடு. மொத்தமே 10 லட்சத்துச் சொச்சம். நாங்கள் அதில் கொட்டியது 3 கேபி அளவுள்ள வரைபடத் துண்டுகளை. டிஸ்கில் 4 ஜிபி சுமாருக்கு நிரம்பியபோதே "டிஸ்கில் இடம் இல்லை" என்று பிழை வந்துவிட்டது. இடத்தைக் காட்டும் கட்டளையோ டிஸ்க் கிட்டத்தட்ட காலி என்கிறது. டிஎஃப் கட்டளையோடு "ஐ" என்ற தேர்வைச் சேர்த்து ஐநோடு கணக்கைப் பார்க்கத் தோன்றுவதற்குள் பாதி நாள் போய்விட்டது. மொத்தத்தையும் வேறிடத்துக்கு எடுத்து, மறுபடி ஃபார்மட் செய்து, திரும்பப் போட வேண்டியதாயிற்று.

சின்னக் கோப்புகளுக்கென்று எக்ஸ்ட்4 அமைத்தால் 4096 பைட்டுக்கு ஒரு ஐநோடு என்று ஃபார்மட் நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். ஐநோடு ஒன்று 256 பைட் என்பதால் டிஸ்கில் 6 சதவீதம் சுமார் அதற்கே போகும். அதில் எனக்கு வருத்தமில்லை.

இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது. எக்ஸ்ட்4 ஒரு ஃபோல்டரில் உள்ள பெயர்களை ஹேஷ் மதிப்பின் (பெயரிலிருந்து கணக்கிடும் தாறுமாறான எண்) வரிசையில் தருகிறது. ஐநோடு வரிசைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெயர் வந்த வரிசையிலேயே ஒவ்வொரு கோப்பாகத் திறக்கும் நிரல் டிஸ்க் முழுவதும் குதித்துக்கொண்டே இருக்கும். முதலில் பெயர்களை எல்லாம் வாங்கி, கூடவே கிடைக்கும் ஐநோடு எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தி, அப்புறம் திறந்தால் ஹார்ட் டிஸ்கில் பெரிய வித்தியாசம் தெரியும். பத்து வரி நிரல்தான். கோப்பு முறைமையை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பார்த்துவிடுவது நல்லது.

மிகச் சின்ன உள்ளடக்கத்தை ஐநோடுக்குள்ளேயே வைக்கும் வசதியும் எக்ஸ்ட்4இல் உண்டு. ஆனால் அது தானாக இயங்கும் நிலையில் வருவதில்லை. 256 பைட் ஐநோடில் மிஞ்சும் இடமும் அற்பம். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். 1 கேபி கோப்பும் 4 கேபி பிளாக் (டிஸ்கில் இடம் ஒதுக்கும் அலகு) ஒன்றை முழுதாகப் பிடித்துக்கொள்ளும் என்றே கணக்குப் போடுங்கள்.

எக்ஸ்எஃப்எஸ்

எஸ்ஜிஐ நிறுவனம் தன் ஐரிக்ஸ் இயங்குதளத்துக்காக 1993இல் தொடங்கிய வேலை. ரெட் ஹேட் நிறுவனம் 2014இல் தன் லினக்ஸின் 7ஆம் பதிப்பிலிருந்து இதையே இயல்பான தேர்வாக வைத்தது.

எக்ஸ்ட்4இல் நான் விழுந்த பொறி இதில் இல்லை. தேவைப்படும்போது 64 ஐநோடுகள் கொண்ட கொத்துகளாகத் தானே ஒதுக்கிக்கொள்ளும். எத்தனை கோப்பு வரும் என்று ஊகிக்கவே முடியாத இடத்தில் இந்த ஒரு குணத்துக்காகவே எக்ஸ்எஃப்எஸ்ஸைப் போடலாம். இன்னொன்று, டிஸ்கைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி ஐநோடுக் கணக்கும் காலி இடக் கணக்கும் வைத்திருக்கிறது. பல நிரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஃபோல்டர்களில் கோப்புகளை உருவாக்கும்போது ஒன்றுக்காக இன்னொன்று காத்து நிற்பது குறைகிறது. நிறைய கோர்கள் உள்ள சர்வரில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரே ஒரு நிரல்தான் எழுதுகிறது என்றால் தெரியாது.

"எக்ஸ்எஃப்எஸ்ஸில் சின்னக் கோப்புகளை அழிக்க யுகம் ஆகும்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஒரு காலத்தில் அது உண்மை. ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் உடனுக்குடன் ஜர்னலில் எழுதிக்கொண்டிருந்தது. மாற்றங்களை நினைவகத்தில் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதும் முறை லினக்ஸ் 2.6.35இல் வந்து, 2.6.39இல் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. அது 2011. அதற்கு முந்தைய அனுபவத்தை வைத்து இன்று எக்ஸ்எஃப்எஸ்ஸை ஒதுக்குவது நியாயமில்லை.

குறை என்றால், சின்ன உள்ளடக்கத்தை ஐநோடுக்குள் வைக்கும் வசதி இதில் கிடையாது. பார்டிஷனைப் பெரிதாக்குவது எளிது, சிறிதாக்குவது நடைமுறையில் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிடிஆர்எஃப்எஸ்

ஆரக்கிள் நிறுவனத்தில் கிறிஸ் மேசன் 2007இல் தொடங்கியது, 2009இல் லினக்ஸ் 2.6.29இல் சேர்ந்தது. ஃபெடோரா லினக்ஸின் டெஸ்க்டாப் பதிப்புகள் 2020இல் வந்த 33ஆம் வெளியீட்டிலிருந்து இதைத்தான் பயன்படுத்துகின்றன.

வெறும் உருவாக்கும் வேகத்தில் இது எக்ஸ்ட்4ஐத் தாண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எழுதியதன் மேல் எழுதாமல் ஒவ்வொரு மாற்றத்தையும் புது இடத்தில் எழுதும் முறை என்பதால் மெட்டாடேட்டா வேலை கூடுதல். ஆனாலும் எனக்கு இதன் மேல் ஒரு பிரியம் உண்டு, அதற்குக் காரணம் பேக்கப்.

1 கோடிக் கோப்புகளை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைக் கொண்டு பேக்கப் எடுக்கிறோம் என்று வையுங்கள். நேற்றிலிருந்து மாறியது 500 கோப்புகள்தான். அந்த 500ஐக் கண்டுபிடிக்க 1 கோடியையும் ஒவ்வொன்றாக விசாரிக்கிறது ஆர்சிங்க், இரண்டு பக்கமும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் நேற்றைய ஸ்னாப்ஷாட்டும் (அந்த நேரத்து நிலையை அப்படியே உறையவைத்த பிரதி) இன்றைய ஸ்னாப்ஷாட்டும் இருந்தால், மாறாத கிளைகளைத் தொடாமலே தாண்டிவிட்டு மாறியதை மட்டும் அனுப்ப முடிகிறது. மெட்டாடேட்டாவை மரமாக அடுக்கி, அதன் ஒவ்வொரு கணுவிலும் அது எப்போது எழுதப்பட்டது என்ற எண் இருப்பதால் இது சாத்தியம். இரவு முழுக்க ஓடிய பேக்கப் சில நிமிடத்தில் முடிவதைப் பார்த்த பிறகு, கோப்பு உருவாக்கும் வேகத்தில் கொஞ்சம் இழப்பதெல்லாம் பொருட்டாகத் தோன்றாது.

அழிப்பதற்கும் ஒரு வழி உண்டு. மொத்தமாகப் போடப்பட்டு மொத்தமாகவே அழிக்கப்படும் கோப்புகளைத் தனி சப்வால்யூமில் (தனியாக நீக்கக்கூடிய உட்பகுதி) வைத்தால், அந்தச் சப்வால்யூமை நீக்கும் ஒரு கட்டளை போதும். உடனே திரும்பிவிடும், துப்புரவு பின்னணியில் நடக்கும்.

2048 பைட் வரை உள்ள கோப்புகளின் உள்ளடக்கம் மெட்டாடேட்டா மரத்திலேயே ஐநோடுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும், ஒரு தாவல் மிச்சம். ஆனால் மெட்டாடேட்டாவை இரண்டு பிரதியாக வைப்பதுதான் இப்போது இயல்பான அமைப்பு, ஆகவே இந்தச் சின்னக் கோப்புகளும் இரண்டு பிரதியாகின்றன. மெட்டாடேட்டாவுக்கான இடம் தரவுக்கான இடத்திலிருந்து தனியாக ஒதுக்கப்படுவதால், சின்னக் கோப்புகள் குவியும் டிஸ்கில் தரவுப் பக்கம் காலியாக இருக்கும்போதே மெட்டாடேட்டாப் பக்கம் நிரம்பி முட்டிக்கொள்ளலாம். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் வைத்துக்கொள்வது என் பழக்கம்.

இசட்எஃப்எஸ்

ஸ்னாப்ஷாட், மாறியதை மட்டும் அனுப்பும் பேக்கப் இரண்டிலும் இது பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு அண்ணன். சன் நிறுவனம் 2005இல் வெளியிட்டது. உரிமச் சிக்கலால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை, தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

சின்னக் கோப்புகளுக்கு இதில் ஒரு தூண்டில் முள் இருக்கிறது. இரண்டு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும் ரெய்டுஇசட்2 அமைப்பில், 4 கேபி செக்டர் (டிஸ்க் எழுதும் மிகச் சிறிய அலகு) உள்ள டிஸ்குகளில், 4 கேபி கோப்பு ஒன்றுக்கு ஒரு தரவுச் செக்டர், இழந்ததை மீட்க இரண்டு சமநிலைச் செக்டர் என 12 கேபி போகும். ஆறு டிஸ்க் போட்டு மூன்றில் இரண்டு பங்கு இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள், கிடைப்பது மூன்றில் ஒன்று. சின்னக் கோப்புகள் என்றால் டிஸ்குகளை ஜோடி ஜோடியாகப் பிரதியெடுக்கும் அமைப்பில் வையுங்கள். இடமும் அதிகம், வேகமும் அதிகம்.

2019இல் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 0.8 முதல் ஒரு நல்ல வசதி இருக்கிறது. பூலில், அதாவது டிஸ்குகளின் தொகுப்பில், சில எஸ்எஸ்டிகளைச் சிறப்புச் சாதனமாகச் சேர்த்து, மெட்டாடேட்டாவையும் குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் உள்ள பிளாக்குகளையும் அவற்றில் மட்டும் எழுதச் சொல்லலாம். பெரிய கோப்புகள் ஹார்ட் டிஸ்கில் கிடக்க, சின்னவை எஸ்எஸ்டியில் ஓடும். இரண்டும் கலந்து கிடக்கும் பெரிய சேமிப்பகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த எஸ்எஸ்டிகள் செத்தால் பூல் மொத்தமும் போய்விடும். ஒன்றை மட்டும் சேர்க்கவே கூடாது. குறைந்தது ஒரு ஜோடி.

மற்றவை

ரைசர்எஃப்எஸ் என்ற பெயரை இன்னும் சிலர் ஏக்கத்தோடு சொல்வார்கள். பல கோப்புகளின் மிச்சத் துண்டுகளை ஒரே பிளாக்கில் சேர்த்து அடுக்கும் அதன் முறை சின்னக் கோப்புகளுக்கென்றே பிறந்தது போலத்தான் இருந்தது. ஆனால் லினக்ஸ் 6.13இலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. பழைய டிஸ்க் ஏதாவது இருந்தால் பழைய கெர்னலில் ஏற்றி நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிகேஷ்எஃப்எஸ் 6.7இல் சேர்ந்து 6.18இல் வெளியேறிவிட்டது, தனித் தொகுதியாகத்தான் கிடைக்கும். சாம்சங் உருவாக்கிய எஃப்2எஃப்எஸ் 3.4 கேபி சுமார் வரை உள்ளடக்கத்தை ஐநோடு பிளாக்கிலேயே வைக்கிறது. கைபேசிகளிலும் சிறு கருவிகளிலும் நன்றாக ஓடுகிறது, சர்வரில் நான் நம்பிப் போட்டதில்லை.

விண்டோஸில் என்டிஎஃப்எஸ் சில நூறு பைட் கோப்புகளைத் தன் 1 கேபி பதிவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அங்கே தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஒவ்வொரு கோப்பு திறக்கும்போதும் குறுக்கே வரும் வைரஸ் சோதனை. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2இல் வேலை செய்பவர்கள் கோப்புகளை விண்டோஸ் டிரைவில் வைக்காமல் லினக்ஸ் பக்கத்திலேயே வைத்தால் போதும், பாதிப் புலம்பல் தீர்ந்துவிடும்.

என்எஃப்எஸ் வழியாக வேறு சர்வரில் இருக்கும் கோப்புகளென்றால், அந்தச் சர்வரில் எந்தக் கோப்பு முறைமை என்பது இரண்டாம்பட்சம்தான். ஒரு கோப்புக்கு மூன்று முறை நெட்வொர்க்கில் போய் வர வேண்டும், ஒரு பயணம் அரை மில்லிநொடி என்றாலே 10 லட்சம் கோப்புகளுக்கு 25 நிமிடம். வேலையை அந்தச் சர்வரிலேயே ஓட்டுங்கள், அல்லது எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி அனுப்புங்கள்.

கோப்பாக வைக்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் கோப்பு முறைமைகளை ஒப்பிடுவது சரியாகாது. நிரல்களின் பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட் இதற்கு நல்ல உதாரணம். முதலில் ஒவ்வொரு பொருளையும் தனிக் கோப்பாக, பெயரின் முதல் இரண்டு எழுத்தைக் கொண்டு 256 ஃபோல்டர்களில் பிரித்து வைக்கிறது. எண்ணிக்கை ஏறியதும் எல்லாவற்றையும் ஒரே பேக் கோப்பாகக் கட்டிவிடுகிறது. ஃபேஸ்புக்கும் இதே வழிக்குத்தான் வந்தது. படங்களைத் தனித்தனிக் கோப்பாக வைத்தபோது ஒரு படத்துக்கு மெட்டாடேட்டாவுக்காகவே பல முறை டிஸ்கைத் தொட வேண்டியிருந்ததால், ஏராளமான படங்களை ஒரே பெரிய கோப்பில் அடுக்கும் ஹேஸ்டாக் என்ற அமைப்பைக் கட்டி 2010இல் விவரித்தார்கள். எஸ்க்யூலைட் உருவாக்குநர்கள் தாங்களே அளந்து பார்த்து, 10 கேபி சுமார் உள்ள சிறு படங்களைத் தனிக் கோப்புகளிலிருந்து படிப்பதைவிடத் தங்கள் தரவுத்தளத்திலிருந்து படிப்பது 35 சதவீதம் வேகம் என்று சொல்கிறார்கள்.

உங்கள் கோப்புகளைத் திறப்பது உங்கள் நிரல் மட்டும்தான் என்றால் எஸ்க்யூலைட்டுக்குப் போய்விடுங்கள். எக்ஸ்ட்4ஆ எக்ஸ்எஃப்எஸ்ஸா என்ற கவலையே விட்டது. மற்றவர்களின் கருவிகளும் அதே கோப்புகளைத் திறக்க வேண்டும், அல்லது மின்னஞ்சல் சேமிக்கும் மெயில்டிர் போல ஒரு கடிதம் ஒரு கோப்பு என்ற விதி இருக்கிறது என்றால்தான் கோப்பு முறைமை தேர்வு உண்மையான கேள்வியாகிறது.

என் முடிவு

ஒரே இயந்திரம், கோப்பு எண்ணிக்கை ஓரளவு தெரியும் என்றால் எக்ஸ்ட்4, ஐநோடு எண்ணிக்கையைக் கூட்டி. எண்ணிக்கை தெரியாது, பல நிரல்கள் ஒரே நேரத்தில் எழுதும் என்றால் எக்ஸ்எஃப்எஸ். பேக்கப்தான் வலி என்றால் பிடிஆர்எஃப்எஸ். டிஸ்குகள் பல, பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு என்றால் இசட்எஃப்எஸ். எக்ஸ்ட்4க்கும் எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கும் இடையே மட்டும்தான் தயக்கம் என்றால் நாணயம் சுண்டிப் போட்டாலும் தப்பில்லை. அந்த வித்தியாசத்தைவிடக் கீழே சொல்லும் இரண்டு விஷயங்கள் அதிகம் தரும்.

ஒன்று, நோஅடைம் தேர்வோடு டிஸ்கை மவுண்ட் செய்வது, அதாவது கணினியில் இணைப்பது. லினக்ஸின் இயல்பான அமைப்பில், கோப்பைப் படித்தால் படித்த நேரம் நாளுக்கு ஒரு முறையாவது பதிவாகும். தினமும் 1 கோடிக் கோப்புகளைப் படிக்கும் நிரல் தினமும் 1 கோடி ஐநோடுகளைத் திருத்தி எழுத வைக்கிறது, யாருக்கும் தேவையில்லாமல்.

இரண்டு, எஃப்சிங்க், அதாவது எழுதியதை உடனே டிஸ்கில் பதியச் சொல்லும் அழைப்பு. ஒவ்வொரு சின்னக் கோப்பையும் எழுதிவிட்டு அதை அழைத்தால் ஒவ்வொரு முறையும் டிஸ்க் தன் தற்காலிக நினைவகமான கேச்சைக் காலி செய்துவிட்டுத்தான் பதில் சொல்லும். முறைக்கு 2 மில்லிநொடி என்றாலும் 1 லட்சம் கோப்புகளுக்கு 200 நொடி காத்திருப்பு மட்டும். எல்லாவற்றையும் தற்காலிக ஃபோல்டரில் எழுதி, கடைசியில் ஒரே முறை மொத்தமாக டிஸ்குக்குத் தள்ளி, அப்புறம் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். பாதுகாப்பு குறையாது, காத்திருப்பு போய்விடும்.

சோதனை செய்யாமல் யார் பேச்சையும் நம்ப வேண்டாம், என் பேச்சையும் சேர்த்து. உங்கள் கோப்புகளிலிருந்தே ஒரு 10 லட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்4 ஃபார்மட் செய்து மவுண்ட் ஆனதும் ஐநோடு அட்டவணைகளைப் பின்னணியில் எழுதிக்கொண்டிருக்கும். அது முடியும்வரை பொறுங்கள், இல்லாவிட்டால் அதன் எண்கள் தப்பாக வரும். படிக்கும் சோதனைக்கு முன் கெர்னல் கேச்சைக் காலி செய்யுங்கள். எக்ஸ்ட்4இல் ஒரு கோப்பின் ஐநோடும் பெயரும் நினைவகத்தில் 1 கேபிக்குச் சற்று மேல் பிடிக்கும், ஆகவே 10 லட்சம் கோப்புகளின் மெட்டாடேட்டா 1 ஜிபி சொச்சத்தில் அடங்கிவிடும். காலி செய்யாமல் அளந்தால் நீங்கள் அளப்பது ரேமைத்தான். எழுதும் சோதனையில், டிஸ்குக்குத் தள்ளி முடிக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கெடுங்கள். கடைசியாக, புது டிஸ்கில் அளந்த எண்ணோடு நிறுத்தாமல், பாதிக் கோப்புகளைத் தாறுமாறாக அழித்து மறுபடி நிரப்பும் வேலையைச் சில முறை செய்துவிட்டு, அதே சோதனையை இன்னொரு தடவை ஓட்டுங்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் சர்வர் இருக்கப்போவது அந்த நிலையில்தான்.